முகம் மறப்பது தலைக்கனமா?

"டவுனில் நம்மளக் கண்டும் காணாத மாதிரி போறாங்களே, என்னா தலைக்கனம் பாத்தியா?"

இப்படி ஒரு பேச்சு லயத்தில் கிளம்பி, அதனாலேயே கல்யாணம் காட்சிக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் இருக்கிற குடும்பங்கள் உண்டு. ஆனால் அப்படிப் போனவருக்கு உண்மையிலேயே ஆளைத் தெரியாமல் இருந்திருந்தால்? அப்படியும் நடக்கும் என்கிறது விஞ்ஞானம்.

மூளை செய்யும் வேலை

ஒருவரைப் பார்த்ததும் கண்ணைத் தனியாக, மூக்கைத் தனியாக நாம் பார்ப்பதில்லை. முகம் முழுவதையும் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்கிறோம். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கல்யாண அல்பத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்க. நன்றாகத் தெரிந்தவர்களைக்கூட அடையாளம் காணக் கஷ்டமாக இருக்கும்.

இந்த வேலைக்கு மூளையின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் நான்சி கன்விஷர் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஸ்கேன் மூலம் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

ஆளுக்கு ஆள் வித்தியாசம்

பாட்டுக் குரல் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. இந்தத் திறனும் அப்படித்தான். சிலர் ஒரு தடவை பார்த்த முகத்தை வருஷக்கணக்கில் மறக்க மாட்டார்கள். லண்டன் பொலிசார், கமராவில் பதிந்த சந்தேக நபர்களை அடையாளம் காண இப்படிப்பட்டவர்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, 100 பேரில் சுமார் 2 பேருக்குப் பிறவியிலேயே இத்திறன் மிகக் குறைவு என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்குக் கண் பார்வை சரியாக இருக்கும். புத்தியிலும் குறை இருக்காது. முகம் மட்டும் மனதில் பதியாது. பல புத்தகங்கள் எழுதிய மூளை நரம்பு வைத்தியர் ஒலிவர் சாக்ஸ் இப்படிப்பட்டவர். ஒரு தாடிக்காரர் மேல் மோதப் பார்த்தோமே என்று மன்னிப்புக் கேட்டாராம். பார்த்தால், அது கண்ணாடியில் தெரிந்த அவருடைய சொந்த உருவம்!

காரணங்கள் என்ன?

முதலாவது, பரம்பரை. 2010இல் வெளியான ஆய்வொன்றில், அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களுக்கு இத்திறனும் பெரும்பாலும் ஒத்திருந்தது. மற்ற இரட்டையர்களிடம் அந்த ஒற்றுமை மிகக் குறைவு.

இரண்டாவது, பழக்கம். அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 1,000 பேருக்கும் குறைவான சிற்றூர்களில் வளர்ந்தவர்கள், பெரிய ஊர்களில் வளர்ந்தவர்களைவிட புதிய முகங்களை நினைவில் வைப்பதில் பின்தங்கியிருந்தார்கள். தோட்டத்தில் வளர்ந்து கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளை, புது ஆட்களை அடையாளம் தெரியாமல் தடுமாறினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, குழந்தைப் பருவம். பிறக்கும்போதே இரு கண்ணிலும் புரை இருந்து, சில மாதங்கள் கழித்து அதை எடுத்த பிள்ளைகளைக் கனடாவில் பரிசோதித்தார்கள். பார்வை கிடைத்துப் பல வருஷங்களான பின்பும் முகங்களை வேறுபடுத்திப் பார்க்க அவர்கள் கஷ்டப்பட்டார்கள்.

நான்காவது, மூளையில் ஏற்படும் பாதிப்பு. 1947இல் ஜெர்மன் வைத்தியர் யோவாகிம் போடாமர், தலையில் குண்டு பட்ட ஓர் இளைஞரைப் பற்றி எழுதினார். அவருக்குச் சொந்தக்காரர்களின் முகமும் தெரியவில்லை, தன் முகமும் தெரியவில்லை. ஆனால் குரலைக் கேட்டதும் ஆளைச் சொல்லிவிடுவார்.

நாம் செய்ய வேண்டியவை

● முகம் மறக்கிறவரைச் சந்தித்தால், "என்னைத் தெரியுதா?" என்று சோதிக்காதீங்க. "அண்ணி, நான் மேல் லயத்துச் செல்வியோட மக" என்று நீங்களே முந்திச் சொல்லுங்க.

● உங்களுக்கே இந்தக் கஷ்டம் இருந்தால் மறைக்க வேண்டாம். வீட்டாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்க. குரல், நடை, தலைமுடி ஆகியவற்றை வைத்து ஆளை அறியப் பழகுங்க.

● பள்ளிக்கூடத்தில் பிள்ளை கூட்டாளிகளை மாற்றி மாற்றிக் கூப்பிட்டால் "மக்கு" என்று ஏசாதீங்க. டீச்சரிடம் எடுத்துச் சொல்லுங்க.

● கைக்குழந்தையின் கண் கருமணியில் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்க. அது புரையாக இருக்கலாம், அதைவிட ஆபத்தான நோயாகவும் இருக்கலாம்.

● நேற்றுவரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று வீட்டார் முகம் தெரியாமல் போனால், அல்லது வாய் கோணினால், கை கால் விழுந்தால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதமாக இருக்கலாம். மந்திரிக்கவோ, திருநீறு போடவோ நேரம் கடத்தாமல் உடனே 1990 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணுங்க. அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

● வயதானவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை மறந்தால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்க.

அடுத்த முறை யாராவது உங்களைப் பார்த்தும் பேசாமல் போனால், கோபப்படுவதற்கு முன் பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க. முகத்தை மறந்தவர் உங்கள் குரலை மறந்திருக்க மாட்டார்.