காகிதக் குடை ஊர்

காகிதத்தில் குடையா? மழையில் கிழிந்து போகாதா? போகாது.

தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் நகரம் இருக்கிறது. அதற்குக் கிழக்கே சுமார் 9 கிலோமீட்டரில் போ சாங் என்ற ஊர். குடை செய்வதுதான் அங்கே பேர்போன தொழில்.

சா என்று ஒரு மரம். நம் பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டைக்கு உறவு. அதன் பட்டையை ஊற வைத்து, வேக வைத்து, கூழாக இடிக்கிறார்கள். கூழைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடையால் அள்ளி வெயிலில் காய வைத்தால் காகிதம். மூங்கிலைச் சீவிச் சட்டம் கட்டி, காகிதத்தை ஒட்டுகிறார்கள். மேலே எண்ணெய் பூசுகிறார்கள். எண்ணெய் காய்ந்ததும் தண்ணீர் இறங்காது. சூட்சுமம் இதுதான்.

ஒரே ஆள் முழுக் குடையும் செய்வதில்லை. சட்டம் கட்ட ஒருவர், ஒட்ட ஒருவர், பூ வரைய ஒருவர்.

பிறகு நைலான் குடை வந்தது. விலை குறைவு, மடித்துப் பையில் வைக்கலாம். மழைக்குக் காகிதக் குடை வாங்குவோர் குறைந்தார்கள். ஊரார் தொழிலை விடவில்லை. அழகுக்காக வாங்கும் பயணிகளுக்கு விற்றார்கள். 1978-ல் குடை செய்யும் நிலையம் ஒன்று தொடங்கியது. அங்கே பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். உங்கள் சட்டையை நீட்டினால் அதிலும் பூ வரைவார்கள். காசு உண்டு!

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பயணிகள் வந்தால்தான் வியாபாரம். 2020-ல் கொரோனாவால் வெளிநாட்டார் வரவு நின்றது. அந்த வருடமும் மழை பெய்தது. மழைக்குக் குடை கேட்டு வர ஆள் ஏது?