வாங்கிய பிறகு தொடங்கும் சந்தை

கடையில் போனைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது வாடிக்கையாளரே ராஜா. பத்து கம்பெனிகள் அவரை இழுக்கின்றன. பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். பணம் கட்டி, படங்களையும் தொடர்புகளையும் ஏற்றி, ஒரு வாட்ச்சும் சேர்த்து வாங்கி இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு நிலைமை வேறு. அப்போது பழுது பார்க்கும் கட்டணம், சேமிப்பிடத்துக்கான மாதச் சந்தா, ஆப் வாங்கும் வழி எல்லாவற்றிலும் கம்பெனி வைத்ததே சட்டம். வெளியேற முடியும், ஆனால் வெளியேறச் செலவாகும். ‘எகோசிஸ்டம்’ என்று விளம்பரங்கள் பெருமையாகச் சொல்வதன் மறுபக்கம் இதுதான்.

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. எளிதில் கைவிடக்கூடிய போனும், கைவிடக் கஷ்டமான போனும், உதிரிபாகத்துக்காக வழக்காடப்பட்ட காரும் இங்கே, சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஆலைகளில் உருவானவை.

நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் காலத்து நோக்கியா போனின் பின்மூடியை நகத்தால் நெம்பினால் திறந்துவிடும். உள்ளே இருக்கும் பிஎல்-5சி பேட்டரி தெருமுனைக் கடையிலும் கிடைத்தது. அதே பேட்டரியைப் போட்டுக்கொள்ளும் சின்ன எஃப்.எம். ரேடியோக்கள்கூட பிளாட்பாரத்தில் விற்றன. தொடர்பு எண்கள் சிம் கார்டிலேயே இருந்தன. சிம்மைக் கழற்றி வேறு கம்பெனி போனில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் மாற்றம் முடிந்தது. கோடிக்கணக்கானவர்கள் நோக்கியாவிலேயே இருந்ததற்குக் காரணம் பழக்கமும் நம்பிக்கையும்தான். எந்தப் பூட்டும் அவர்களைப் பிடித்து வைக்கவில்லை.

பூட்டு இல்லாததால், மனம் மாறியதும் கூட்டம் கலைந்தது. ஆண்ட்ராய்டு தொடுதிரை போன்கள் வந்தபோது நோக்கியா தன் சிம்பியன் இயங்குதளத்தை விட்டு 2011இல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்குத் தாவியது. போன் உறுதியாக இருந்தது, கேமரா நன்றாக இருந்தது, ஆப்கள்தான் இல்லை. இன்ஸ்டாகிராம் அதில் வந்து சேர்ந்ததே 2013 நவம்பரில். அதற்குள் வாங்குபவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் வாங்கியபோது, வரி வழக்கில் முடக்கப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. நோக்கியாவை நம்பி அதே வளாகத்தில் இயங்கிய பாக்ஸ்கான் பிரிவும் அடுத்த மாதமே நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சம்பளம் போனது. ஆலை மூடியதில் வரித் தகராறுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால், உலகமெங்கும் வாங்குபவர்கள் கைமாறியதே அடிப்படைக் காரணம்.

ஆப்பிள் இதற்கு நேர்மாறான பாதையில் வளர்ந்த கம்பெனி. ஆப்பிளுக்குப் போன் தயாரித்துத் தரும் பாக்ஸ்கான் திரும்பி வந்து, 2019இல் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஐபோன் எக்ஸ்.ஆர். தயாரிக்கத் தொடங்கியது. அதன்பின் 11, 12, 13 என்று வரிசையாக இங்கே தயாராயின. 2023இல் ஐபோன் 15 விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே இந்தியாவில் செய்தது கடைகளில் இருந்தது. வல்லம் வடகாலில் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இத்தனை பேர் உழைப்பில் உருவாகும் கருவி, ஆப்பிளுக்குச் சம்பாதித்துத் தரும் வேலையை விற்றவுடன் முடித்துக்கொள்வதில்லை. 2024 நிதியாண்டில் ஆப்பிளின் மொத்த வருவாய் சுமார் 39,100 கோடி டாலர். அதில் ஏறக்குறைய கால்பங்கு, சுமார் 9,600 கோடி டாலர், சேவைகளிலிருந்து வந்தது. ஆப் ஸ்டோர் கமிஷன், ஐகிளவுட் சந்தா போன்றவை இந்தக் கணக்கில் அடங்கும். போனை வைத்திருப்பவர் வளையத்துக்குள்ளேயே இருந்தால்தான் இந்த வருமானம் தொடரும்.

வளையம் எப்படி இறுகுகிறது என்பதை, ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாற நினைக்கும் ஒருவரின் வேலைப் பட்டியலே காட்டிவிடும். ஐகிளவுட்டில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜி.பி.; 2011இல் கொடுத்த அதே அளவு. குழந்தையின் வீடியோக்கள் நிறைந்ததும் மாதச் சந்தா தொடங்கியிருக்கும். அவ்வளவு படங்களையும் இறக்கி வேறிடத்தில் ஏற்ற வேண்டும். ஐபோனின் வாட்ஸ்ஆப் பேக்கப் ஐகிளவுட்டுக்குப் போகிறது. ஆண்ட்ராய்டின் பேக்கப் கூகுள் கணக்குக்குப் போகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றை நேரடியாக மீட்க முடியாது. 2021க்கு முன்பு பழைய உரையாடல்களை அதிகாரப்பூர்வமாகக் கொண்டுபோக வழியே இல்லை. இப்போது கேபிள் இணைத்து மாற்றலாம். காசு கொடுத்து வாங்கிய ஆப்களை அந்தப் பக்கம் போய் மறுபடி வாங்க வேண்டும். ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேராது. மேஜை டிராயரில் தூங்க வேண்டியதுதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அரை நாள் வேலை. எல்லாம் சேரும்போது, ‘சரி, அடுத்ததும் ஐபோனே வாங்கிவிடலாம்’ என்று தோன்றிவிடுகிறது.

இது தற்செயலாக நேர்ந்தது அல்ல. வீடியோ கேம் கம்பெனியான எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில் 2021இல் வெளியான ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள், ஐமெசேஜ் என்ற தன் செய்தி அனுப்பும் வசதியை ஆண்ட்ராய்டுக்குத் தந்தால் தங்களுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் என்று உயர் அதிகாரிகள் கருதியதைக் காட்டின. அமெரிக்க நீதித்துறை 2024 மார்ச்சில் தொடுத்த வழக்கிலும், வாடிக்கையாளரை வேண்டுமென்றே பிடித்து வைக்கிறது என்ற குற்றச்சாட்டு முக்கியமானது. அமெரிக்க இளைஞர்களைப் பெரிதும் பிடித்து வைத்திருக்கும் ஐமெசேஜ் நம் ஊரில் யாரையும் பிடிக்கவில்லை. குடும்பக் குழு, பள்ளிக் குழு, ஷிப்ட் பார்ப்பவர்களின் கம்பெனி பஸ் குழு எல்லாம் வாட்ஸ்ஆப்பில்தான். பணம் அனுப்புவதும் யுபிஐ வழியே எந்தப் போனிலும் நடக்கிறது. பலருக்கும் பொதுவான ஒரு வசதி ஊரில் வேரூன்றிவிட்டால் தனிக் கம்பெனியின் பூட்டு தளர்ந்துவிடும் என்பதற்கு இந்த இரண்டும் நல்ல சான்று.

வாடிக்கையாளர்கள் எல்லோரும் இதைப் பூட்டாகப் பார்ப்பதும் இல்லை. ஐபோனை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்கள் லேசானவை அல்ல. இந்த வட்டாரத்தில் முதலில் தயாரான எக்ஸ்.ஆர். மாடல் 2018இல் அறிமுகமானது. 2024இல் வந்த ஐ.ஓ.எஸ். 18 அதிலும் ஓடியது. விலை குறைந்த பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு எக்ஸ்.ஆர். வந்த காலத்தில் இரண்டு வருஷம் அப்டேட் கிடைத்தாலே பெரிது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஐபோனுக்கு நல்ல விலை கிடைக்கிறது, இ.எம்.ஐ. கட்டி வாங்கியவருக்கு அது பெரிய ஆறுதல். ஆப்கள் தங்களைப் பின்தொடர்வதைத் தடுக்கும் அனுமதிக் கேள்வியை 2021இல் கொண்டுவந்ததையும் பலர் மனதாரப் பாராட்டுகிறார்கள். எல்லாம் ஒரே கையில் இருப்பதால்தான் ஒழுங்காக வேலை செய்கிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் நன்றாக இருப்பதால் தங்குவதும், போக வழியில்லாமல் தங்குவதும் விற்பனைக் கணக்கில் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்துத் திருப்தியை அளக்க முடியாது.

விலையைப் பற்றிய மனக்குறை இங்கே அடிக்கடி கேட்பது: நம்ம ஊரிலேயே செய்கிறார்கள், ஏன் குறையவில்லை? ஐபோன் 15 அமெரிக்காவில் 799 டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 66,000 ரூபாய், அங்கே வரி தனி. இந்தியாவில் 79,900. நடுவில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி 18 சதவீத ஜி.எஸ்.டி. அதே சமயம், அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஐபோன் 15 ப்ரோவுக்கு 20 சதவீதச் சுங்கவரியும் சேர்ந்தது. 999 டாலர் போன் இங்கே 1,34,900 ரூபாய்க்கு விற்றது. ஆக, உள்ளூர் உற்பத்தி விலையைப் பாதித்தது. ஏறாமல் தடுத்ததோடு நின்றுவிட்டது. முந்தைய வருஷத்து ஐபோன் 14ம் அறிமுகமானபோது அதே 79,900தான்.

கேபிள் விஷயத்தில் வாடிக்கையாளரின் எரிச்சல் சட்டமாகவே மாறியது. 2012இல் ஐபோன் 5 வந்தபோது ஆப்பிள் லைட்னிங் என்ற தனிப் பின்னைக் கொண்டுவந்தது. மற்ற போன்களின் கேபிள் எதுவும் அதில் பொருந்தாது. உரிமம் பெற்ற கேபிளுக்கு விலை அதிகம். 2020 அக்டோபர் முதல் பெட்டியிலிருந்து சார்ஜரையும் எடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்கள் அனைத்துக்கும் டைப்-சி கட்டாயம் என்று விதித்தது. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில் ஐபோன் 15 டைப்-சி பின்னோடு வந்துவிட்டது. பிரஸ்ஸல்ஸில் போட்ட விதி ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்படும் போனின் அடிப்பாகத்தை மாற்றியது. வீட்டில் இருக்கும் ஒரே சார்ஜர் எல்லோருக்கும் போதுமானதாயிற்று.

பழுது பார்ப்பதுதான் இன்னும் ஆறாத புண். சென்னை ரிச்சி தெருவில் ஐபோன் திரையையும் பேட்டரியையும் கை தேர்ந்த மெக்கானிக் மாற்றித் தந்துவிடுவார். ஆனால் போனை ஆன் செய்ததும், இந்தப் பாகம் அசல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற அறிவிப்பு செட்டிங்ஸில் வந்து உட்காரும். ஒவ்வொரு பாகத்தையும் அந்தக் குறிப்பிட்ட போனோடு மென்பொருளால் இணைத்து வைத்திருப்பதன் விளைவு இது. இன்னொரு ஐபோனிலிருந்து கழற்றிய அசல் பாகத்துக்கும் நீண்டகாலம் இதே கதி. 2024இல்தான் ஐபோன் 15 முதல் பழைய அசல் பாகங்களை ஏற்க ஆப்பிள் இறங்கி வந்தது. திருட்டுப் பாகங்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்ற விளக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும், நேர்மையாகத் தொழில் செய்யும் தெருக்கடைக்காரரைச் சந்தேகத்துக்குரியவராக்கும் ஓர் அறிவிப்பு, வாடிக்கையாளரைத் தானாகவே கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிவிடுகிறது. அதிகாரப்பூர்வ வழியில் போட்டி இல்லாதபோது கட்டணம் எவ்வளவு இளகக்கூடியது என்பதை 2018 காட்டியது. பழைய போன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டு சர்ச்சை வெடித்ததும், இந்தியாவில் 6,500 ரூபாயாக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் அந்த வருஷத்துக்கு 2,000 ரூபாயாக இறங்கியது.

இதே கேள்வி கார்களில் முன்பே எழுந்து, தீர்ப்பும் ஆகியிருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அப்போது ஒரகடத்தில் ஆலை வைத்திருந்த நிசானும், மறைமலை நகர் ஃபோர்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது குற்றச்சாட்டு. கார் விற்பனையில் கடும் போட்டி இருக்கிறது, எங்கள் பங்கு சிறியது என்ற கம்பெனிகளின் வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. ஒரு கம்பெனியின் காரை வாங்கியவருக்கு வேறு கம்பெனியின் பாகம் உதவாது. ஆகவே ஒவ்வொரு கம்பெனியின் உதிரிபாகமும் தனிச் சந்தை, அதில் அந்தக் கம்பெனியே ஆதிக்கம் செலுத்துகிறது என்று முடிவு செய்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016இல் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவற்றின் அபராதத்தைக் குறைத்தது. தவறு நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை.

போன் சந்தைக்கும் இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்துகிறது. ஆப் ஸ்டோரில் 30 சதவீதம் வரை கமிஷன், தன் கட்டண வழியையே பயன்படுத்தச் சொல்லும் நிபந்தனை ஆகியவற்றை எதிர்த்து 2021இல் வந்த புகாரில், இந்தியாவில் தன் பங்கு ஐந்து சதவீதத்துக்கும் கீழே என்று ஆப்பிள் வாதாடியது. ஆணையம் அதை ஏற்காமல் 2021 டிசம்பர் 31இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஐபோன் வைத்திருப்பவரை ஆப் தயாரிப்பவர் சென்றடைய வேறு வாசல் கிடையாது என்பதே விஷயம். 2024இல் விசாரணைப் பிரிவு தந்த அறிக்கை, ஆப்பிள் தன் நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூறியது.

ஐபோனை விட்டு வெளியேறுபவர் போய்ச் சேரும் இடமும் திறந்த வெளி அல்ல. ஆண்ட்ராய்டு போன்களில் தன் ஆப்களை மொத்தமாகத் திணித்ததற்காக கூகுளுக்கு 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அந்தத் தொகையை உறுதி செய்தது. இரண்டே வாசல் உள்ள ஊரில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலாளி நிற்கிறார்.

இப்படிப்பட்ட வழக்குகள் முடிய ஆண்டுக்கணக்கில் ஆகின்றன. அதற்குள் வாடிக்கையாளர் இரண்டு போன் மாற்றிவிடுகிறார். எனவே, தவறு நடந்தபின் தண்டிப்பதற்குப் பதிலாக, பெரிய நிறுவனங்கள் செய்யக்கூடாதவற்றை முன்கூட்டியே வரையறுக்கும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. குறிப்பிட்ட வருவாய் வரம்பைத் தாண்டி, ஒரு கோடிப் பயனாளர்களோ பத்தாயிரம் வணிகப் பயனாளர்களோ உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தும். வெளி ஆப்களைத் தடுக்கக் கூடாது, பயனாளர் தன் தரவை எளிதாக வேறிடத்துக்குக் கொண்டுபோக விட வேண்டும் என்பவை அதில் உள்ள கடமைகள். வரைவு சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை வெளியேறும் செலவை முன்கூட்டியே கணக்கிடும் பொறுப்பு வாங்குபவருடையது: படங்களின் இன்னொரு பிரதியைத் தனி ஹார்டு டிஸ்கில் வைப்பது, கடவுச்சொற்களை இரண்டு வகைப் போனிலும் ஓடும் ஆப்பில் சேமிப்பது, வாட்ச் வாங்கும் முன் அது எந்தப் போனோடு சேரும் என்று கேட்பது, பேட்டரியும் திரையும் மாற்ற என்ன ஆகும் என்று போன் வாங்கும் நாளிலேயே விசாரிப்பது.