மீன்தொட்டிக்குள் ஒரு பாறைச் சுவர்

புது வீடு கட்டியவர்கள் மொட்டை மாடியில் கட்டிய சிமென்ட் தொட்டியின் முதல் தண்ணீரைப் புழங்குவதில்லை. நிரப்பி, சில நாள் விட்டு, திறந்துவிட்டு, மறுபடி நிரப்புவார்கள். அந்த முதல் தண்ணீரில் கை வைத்தால் லேசாக வழவழக்கும். சிமென்ட்டிலிருந்து இறங்கிய சுண்ணாம்பின் வேலை அது.

வீட்டிலேயே மீன்தொட்டிக்குப் பாறைச் சுவர் செய்பவர்களில் பலர் இந்தப் பழைய எச்சரிக்கையை மறந்துவிடுகிறார்கள். பின்கண்ணாடியில் படத்தாள் ஒட்டுவதற்குப் பதிலாகத் தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, வெடிப்பும் விளிம்புமாகக் கத்தியால் செதுக்கி, மேலே சிமென்ட் பூசினால் அசல் கருங்கல் போலவே இருக்கும். செலவும் குறைவு. பூசிய மறுநாளே தண்ணீர் ஊற்றி மீனை விடும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே பொருள்தான். இது கரைந்து தெவிட்டிய தண்ணீரின் பிஎச் அளவு 12-ஐத் தாண்டும். வீடுகளில் வளரும் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்ற அளவோ 6.5-க்கும் 8-க்கும் இடையில். இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் காரம் பத்து மடங்கு கூடுகிறது என்பதால், 7-லிருந்து 9-க்குப் போவது மீனுக்குச் சின்ன மாற்றமே அல்ல. முதலில் செவுளும் உடலை மூடியிருக்கும் வழவழப்புப் படலமும் புண்ணாகும்.

அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். 25 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரில் பிஎச் 7 என்றால், அதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 9 ஆகிவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நச்சாகிவிடும். கழிவு அதேதான், தீனியும் அதேதான். தண்ணீரின் காரம் ஏறியதாலேயே மீன் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கிறது. வளர்ப்பவர் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறார்.

சிமென்ட் தொட்டிகளிலேயே மீனைப் பெருக்குபவர்களுக்கு இந்தச் சங்கதி பழக்கம். சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் வளர்ப்பு ஊர்களில் சிமென்ட் தொட்டி புதிய பொருளே அல்ல. புதுத் தொட்டியில் வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைப்பது நம் பக்கத்து மீன் வளர்ப்பில் பழகிய வழக்கம். தண்டு அழுகும்போது வெளிவரும் அமிலம் சுண்ணாம்பைத் தணிக்கிறது. வரவேற்பறையில் அந்த நாற்றம் தாங்காது. அங்கே தண்ணீரையும் பொறுமையையும் கொண்டே அதே காரியத்தைச் செய்துவிடலாம்.

சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. ஆகவே பூசியதும் வெயிலில் வைப்பது பெரும் தவறு. முதல் பூச்சைக் கூழ் போல மெல்லிசாகத் தடவி, ஈரத்துணியால் மூட வேண்டும். ஒரு நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு மூன்று பூச்சு, அவற்றில் கழுவிய மணலும் சேரலாம். நீர்க்கசிவு தடுக்கும் ரசாயனங்கள் எதுவும் வேண்டாம். மூட்டையில் போர்ட்லாண்ட் பொசலானா சிமென்ட் என்று அச்சிட்டிருந்தால் நல்லது. அதில் கலந்திருக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் சுண்ணாம்பில் ஒரு பகுதியை, மெதுவாக, தானே எடுத்துக்கொள்ளும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ஈரச் சிமென்ட் தோலைப் புண்ணாக்கும் என்பது எந்தக் கொத்தனாரின் கையைப் பார்த்தாலும் விளங்கும்.

சுவரைக் கண்ணாடியில் சிலிக்கான் கொண்டு ஒட்டும்போது தாராளமாக ஒட்ட வேண்டும். தண்ணீருக்குள் தெர்மாகோல் மேலெழும்பப் பார்க்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம், இரண்டு அங்குலத் தடிமன் கொண்ட சுவர் ஏறக்குறைய 20 கிலோ விசையோடு மேலே தள்ளும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கான் கூடாது. ஓரங்களில் சந்து விட்டால் சின்ன மீன் பின்னால் நுழைந்து, வெளிவர வழி தெரியாமல் சாகும். சந்துகளை அடைத்துவிடுவதே நல்லது.

பிறகுதான் ஊறவைப்பது. தொட்டியை நிரப்பி மூன்று நாள் விட்டு, தண்ணீரை வடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். கூடவே ஒரு வாளியில் அதே குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது அவசியம். இரண்டின் பிஎச் அளவையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். தொட்டித் தண்ணீர் வாளித் தண்ணீரைவிட ஏறியிருந்தால் இன்னும் சுண்ணாம்பு இறங்குகிறது. இரண்டும் தொடர்ந்து சமமாக நிற்க மூன்று நான்கு வாரம் பிடிக்கலாம். அவசரத்துக்கு வினிகர் ஊற்றுபவர்கள் உண்டு. அது மேல்தோலிலுள்ள சுண்ணாம்பைத் தணிப்பதோடு பூச்சையும் அரிக்கும். உள்ளே இருப்பது பிறகு மெல்ல வெளிவரும்.

சுவர் ஆறிய பிறகும் எல்லா மீனுக்கும் ஒரே மாதிரி ஒத்துப்போகாது. மலாவி ஏரியின் சிக்லிட் மீன்கள் இயல்பிலேயே காரமான, கடினமான தண்ணீரில் வாழ்பவை. மோலியும் கப்பியும் அதைத் தாங்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற மென்தண்ணீர் மீன்களை வளர்ப்பவர்கள் கூடுதலாகச் சில வாரம் காத்திருக்க வேண்டும். செடிகளுக்காகக் கரியமில வாயு செலுத்தும் தொட்டியிலும் கவனம் தேவை, அமிலமான தண்ணீர் சிமென்ட்டை அரித்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று மோலியோடு தொடங்கி, வாரத்துக்கு இரு முறை தண்ணீரைச் சோதித்து வந்தால் போதும். அதற்குள் சுவரில் பழுப்பாகப் பாசி படரத் தொடங்கும், மோலிகள் அதைக் கொறிக்க வரும்.