பிரசவ அறையில் ஒரு துணை

பிரசவ வலி கண்டவளைத் தனியே விடலாகாது என்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். வீட்டிலேயே குழந்தை பிறந்த காலத்தில் மருத்துவச்சியுடன் தாயோ மூத்த அண்ணியோ அருகிலிருந்து முதுகைத் தடவிக் கொடுப்பர். பிரசவம் மருத்துவமனைக்குச் சென்றபின் தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பு பெரிதும் கூடியது. அதை நாம் குறைத்துப் பேசோம். ஆயினும் கதவு சாத்தப்பட்டபோது அந்தத் துணையும் வெளியே நின்றுவிட்டது.

இக்குறையை நீக்கவே தமிழ்நாடு அரசு 2004இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டத்தைக் கொணர்ந்தது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் நாடெங்கும் இதனை அனுமதித்தது. துணைவரும் பெண் தாமே பிள்ளை பெற்றவராயிருத்தல் வேண்டும். தொற்று நோய் இருத்தலாகாது. தூய உடை உடுத்தல் வேண்டும். மருத்துவர் பணியில் குறுக்கிடலாகாது.

துணையால் பயன் என்ன? அச்சம் மிகும்போது உடலில் அட்ரினலின் சுரந்து, கருப்பை சுருங்குவதைத் தளர்த்தக்கூடும். ஆதரவான கை ஒன்று அருகிலிருந்தால் அச்சம் தணிகிறது. 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பினர் 2017இல் தொகுத்தனர். இடைவிடாத துணை பெற்றோர்க்கு வலி நேரம் சராசரியாகச் சுமார் 40 நிமிடம் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. தாய் விரும்பும் ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

தாய் விரும்பும் ஒருவர் என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். யார் செல்வதென்று மாமியாரும் சம்பந்தியும் முடிவு செய்வதன்று. கர்ப்பிணியைக் கேட்க வேண்டும். தம் பிரசவத்தின் கொடுமைகளை விரித்துரைக்கும் அத்தையை அன்று வீட்டுக் காவலுக்கு வைப்பதே நலம்! பருகத் தண்ணீர் தருவது, மருத்துவர் அனுமதித்தால் கைபிடித்து நடக்க வைப்பது, இடுப்பை நீவுவது, நிதானமாக மூச்சுவிடச் சொல்வது இவையே துணைவரின் வேலை.

நம்மவர்க்குள்ள தடை வேறு. துணை போகிறவர் தார் சுற்றுகிறவராகவோ மரவள்ளிக் காட்டில் களையெடுப்பவராகவோ இருப்பார். அவர் போனால் ஒரு நாள் கூலி போகும். அந்த நாளுக்குரிய பணத்தை எட்டாம் மாதத்திலேயே வீட்டார் ஒதுக்கி வைத்தல் வேண்டும். அம்மாதப் பரிசோதனைக்கே அவரையும் உடன் அழைத்துச் சென்று செவிலியரிடம் அறிமுகம் செய்விக்கலாம். ஃபேர்லேண்ட்ஸிலோ வேறிடத்திலோ தனியார் மருத்துவமனையை நாடுவோர், அங்கே பிரசவ அறைக்குள் துணையை விடுவார்களா என்பதை முன்பணம் கட்டுமுன் கேட்டறிதல் நன்று. வழக்கம் இடத்துக்கு இடம் மாறும்.