புகைக்கு எல்லைக் கோடு உண்டா?

டில்லிக் குளிர் என்றால் ஊரில் இருப்பவர்களுக்கு ஸ்வெட்டரும் கம்பளியும்தான் ஞாபகம் வரும். இங்கே குடியிருக்கும் எங்களுக்கோ புகைதான். நவம்பர் பிறந்தாலே குழந்தைகளுக்கு இருமல், பெரியவர்களுக்கு இளைப்பு.

"பஸ்களைத்தான் 2002-லேயே எரிவாயுவுக்கு மாத்திட்டாங்களே, இன்னும் ஏன் புகை?" என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். குளிர்காலத்தில் காற்று அசையாமல் தரையோடு படிந்து நிற்கும். பாத்திரத்தை மூடி வைத்த மாதிரி. பஞ்சாப், ஹரியானா வயல்களில் அறுப்பு முடிந்து எரிக்கும் நெல்தாள், அக்கம்பக்கத்துச் செங்கல் சூளை, ஆலை, லாரி எல்லாவற்றின் புகையும் அந்த மூடிக்குள்ளேதான். டில்லிக்கு மட்டும் சட்டம் போட்டால், பக்கத்து மாநிலப் புகை செக்போஸ்ட்டில் நின்றுவிடுமா?

அதனால்தான் 2021-ல் பாராளுமன்றம் காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு சட்டம் இயற்றியது. டில்லியோடு பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்திலும் இதன் உத்தரவு செல்லும். 2023 ஜனவரி 1 முதல் டில்லி வட்டாரத் தொழிற்சாலைகளில் நிலக்கரி எரிக்கக் கூடாது என்றார்கள். அனல் மின் நிலையங்களுக்கு மட்டும் விலக்கு. நல்ல ஆரம்பம்தான்.

ஆனால் ஒரு குறை. மாசு ஏற ஏறத்தான் கட்டுப்பாடும் ஏறுகிறது. காற்றுத் தர எண் 200-ஐத் தாண்டினால் முதல் கட்டம். நிலைமை முற்றினால் கட்டட வேலை நிறுத்தம், சின்ன வகுப்புகளுக்கு வீட்டிலிருந்தே பாடம். வேலை நின்றால் சித்தாள் பெண்ணுக்கு அன்றைய கூலி போச்சு. பள்ளி மூடினால் வேலைக்குப் போகும் தாய்க்குத் திண்டாட்டம். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைக்கிற கதைதானே இது? தாளை எரிக்காமல் அப்புறப்படுத்த விவசாயிக்கு மிஷினும் பணமும் அறுவடைக்கு முன்பே கைக்கு வரணும். கூலி இழப்பவர்களை நஷ்ட ஈட்டுக்கு அலைய விடக் கூடாது. விதிகள் வருஷம் பூராவும், எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி நடக்கணும்.

அந்த விதிகளில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. காவலாளிகள் குச்சியையும் குப்பையையும் எரித்துக் குளிர் காயாமலிருக்க, குடியிருப்போர் சங்கமே அவர்களுக்கு மின்சார ஹீட்டர் கொடுக்க வேண்டும். எத்தனை காலனிகளில் கொடுத்திருக்கிறார்கள்? ராத்திரி முழுக்க வாசலில் விறைத்து நிற்கிறவரைக் குற்றம் சொல்வதற்கு முன், டில்லிவாழ் சகோதரிகளே, அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை முதலில் கேளுங்கள்!

- ஒரு வாசகி, மயூர் விஹார், டில்லி.