டால்டன் கண்ணில் இல்லாத பச்சை

ஊரார் கண்ணுக்கு அந்த ஜெரேனியம் பூ இளஞ்சிவப்பு. ஜான் டால்டனுக்கோ பகலில் வானநீலம், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பு. 1792-ல் இதைக் கவனித்தவர் நண்பர்களைக் கேட்டார். பூ நிறம் மாறவே இல்லை என்றார்கள். அவருடைய அண்ணன் மட்டுமே, தனக்கும் அப்படித்தான் தெரிகிறது என்றார்.

பின்னாளில் அணுக்கொள்கையால் புகழ்பெற்ற டால்டன், தன் கண்ணையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். சிவப்பு அரக்கும் லாரல் இலையும் அவருக்கு ஒரே நிறம். 1794-ல் மான்செஸ்டர் அறிஞர் சபையில் இதைக் கட்டுரையாக வாசித்தார். கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலமாக இருப்பதால் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது என்பது அவர் கணிப்பு. தான் இறந்தபின் கண்ணைத் திறந்து பாருங்கள் என்றும் சொல்லிவைத்தார்.

1844 ஜூலையில் அவர் இறந்ததும் மருத்துவர் ஜோசப் ரான்சம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். நீர்மம் தெளிவாகத்தான் இருந்தது. இன்னொரு கண்ணின் பின்பக்கத்தைச் சீவி, அதன் வழியே சிவப்பையும் பச்சையையும் நோக்கினார். இரண்டும் மாறாமல் தெரிந்தன. அப்படியானால் குறை எங்கே?

பொருள்களிலிருந்து நம் கண்ணுக்கு வருவது வெவ்வேறு அலைநீள ஒளி மட்டுமே. விழித்திரையில் உள்ள மூன்று வகைக் கூம்பு செல்கள் அதை வாங்குகின்றன. குறுகிய அலைக்கு ஒன்று, நடுத்தர அலைக்கு ஒன்று, நீண்ட அலைக்கு ஒன்று. மூன்றும் தரும் செய்தியை மூளை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் நிறம் பிறக்கிறது. கண்ணில் இப்படி மூன்று உணர்விகள் இருக்கவேண்டும் என்று 1802-லேயே ஊகித்தவர் தாமஸ் யங். டால்டனிடம் சிவப்பு உணர்வி இல்லை என்பது அவர் கருத்து.

பாதுகாத்து வைத்திருந்த கண்ணிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்து, 1995-ல் விடை சொன்னார்கள். டால்டனிடம் இல்லாதது கூம்பு செல்லில் நடுத்தர அலையை வாங்கும் நிறமி, அதாவது பச்சைக்கு உரியது. இளஞ்சிவப்புப் பூ சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் சேர்த்தே அனுப்புகிறது. பகலில் நீலம் அவர் கண்ணில் ஓங்கியது. நீலம் குறைந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது அடங்கிப்போனது.

இந்த நிறமிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் குறை ஆண்களிடமே அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு–பச்சைக் குழப்பம் உண்டு. பிறந்ததிலிருந்தே உலகம் அப்படித் தெரிவதால், பிள்ளைகள் தாமாக இதைச் சொல்வதில்லை. டால்டனுக்கே இருபத்தாறு வயதில்தான் புரிந்தது. இன்று இஷிஹாரா புள்ளிப் படங்களைக் காட்டினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆகவே, இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். முதலில் அந்தப் படங்களைக் காட்டிக் கேளுங்கள்.