வேலை போனால்: கையெழுத்து வைப்பதற்கு முன்

“தம்பி, கனடாவில என்ர தங்கச்சிக்கு வேலை போகேக்க அரசாங்கம் காசு குடுத்ததாம். இஞ்ச அதுக்கு எங்க போய்ப் பதியிறது?”

வன்னியைச் சேர்ந்த ஓர் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். இறுதிப் போரில் கணவரை இழந்தவர். ஏழு வருடங்கள் தைத்த இடத்தில், ஓடர் குறைந்துவிட்டது என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள். மகள் உயர்தரம் படிக்கிறாள்.

பதியும் இடம் இல்லை என்பதுதான் பதில். இலங்கையில் வேலை இழந்தோருக்கென்று மாதக் கொடுப்பனவு கிடையாது. அஸ்வெசும வறிய குடும்பங்களுக்கானது. வேலை போனது என்ற காரணத்துக்காக மட்டும் அது கிடைக்காது. ஆனாலும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டியதில்லை. சட்டப்படி நமக்குச் சேரவேண்டியவை சில உள்ளன.

முதலாவது, ஊழியர் நம்பிக்கை நிதியம் (ஈ.டி.எஃப்). சம்பளத்தின் 3 வீதத்தை முதலாளி தன் பணத்திலிருந்து கட்டவேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. வேலையை விட்டதும், வயதைப் பார்க்காமல் இதை எடுக்கலாம். ஆனால் ஐந்து வருடங்களுக்கு ஒரு தடவைதான்.

இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதியம் (ஈ.பி.எஃப்). நீங்கள் 8 வீதம், முதலாளி 12 வீதம். 40,000 ரூபா சம்பளமென்றால் மாதம் 8,000 ரூபா சேரவேண்டும். வேலை போனதற்காக மட்டும் இதை எடுக்க முடியாது. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயது வரவேண்டும். எனினும் பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். சம்பளத்தில் வெட்டிவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

மூன்றாவது, பணிக்கொடை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடங்களை முடித்திருந்தால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதச் சம்பளம். மாதச் சம்பளம் 40,000 ரூபா, ஏழு வருட வேலை என்றால் 140,000 ரூபா. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும். நீங்களாக விலகினாலும் இது உண்டு.

நான்காவதைத்தான் நம்மில் பலர் இழந்துவிடுகிறோம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையெனில் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கும்போது நட்டஈட்டையும் அவரே தீர்மானிப்பார். அதன் உச்சவரம்பு 2021இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது.

அந்த “எழுத்துமூலச் சம்மதம்” எப்படி வாங்கப்படுகிறது என்பதை அக்காவின் கதை சொல்கிறது. கடைசி மாதச் சம்பளம் தரும்போது ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். சிங்களத்தில் இருந்தது. “சம்பளம் வாங்கினதுக்கு எண்டுதான் நினைச்சு வைச்சனான்” என்றார். வாசிப்பித்துப் பார்த்தோம். சொந்த விருப்பத்தில் விலகுவதாக எழுதியிருந்தது.

விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் தரும்படி கேளுங்கள். குறைந்தது அதைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காலம். வேலை போன நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தொழில் ஆணையாளரிடம் முறையிடவேண்டும். 15 பேருக்குக் குறைவான இடமென்றால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அங்கும் 6 மாதங்கள்தான். 2020இல் ஒரு சிறிய ஊடக நிறுவனத்தில் எனக்கு வேலை போனபோது, தொலைபேசியில் சொன்னார்கள், நானும் “சரி” என்றேன். இந்தக் கணக்கை அறிந்தபோது எட்டு மாதங்கள் கடந்துவிட்டன. ஊடகம் படித்த எனக்கே இந்த நிலை.

தொழில் அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், அடையாள அட்டை, ஈ.பி.எஃப் இலக்கம் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நியமனக் கடிதம் தரப்படவில்லை என்றால் சம்பளம் விழுந்த வங்கிப் புத்தகமும் சான்றுதான்.

இடப்பெயர்வில் எல்லாத் தாள்களையும் தொலைத்தவர்கள் நாங்கள். போருக்கு முன் வேலை செய்து இறந்துபோன உங்கள் உறவினரின் சேமலாப நிதியும் எடுக்கப்படாமல் கிடக்கலாம். அவர் பெயர் குறித்தவரோ சட்டபூர்வ வாரிசுகளோ அதைக் கோரமுடியும். மரணச் சான்றிதழோடும் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தோடும் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அக்காவுக்குப் பணிக்கொடை கிடைத்துவிட்டது. அந்தக் கையெழுத்து ஏமாற்றி வாங்கப்பட்டது என்ற முறைப்பாட்டை நான்காம் மாதத்தில் கொடுத்தோம். விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. என்ன முடிவு வருமோ தெரியாது. “இந்த முறை வாசிச்சுப் போட்டுத்தான் கையெழுத்து வைப்பன்” என்கிறார் அவர்.